ஆறாம் பெஞ்சு

மனித குலத்தின் அறிவுச் சுடர் இதுவரை மூன்றே நகரங்களில் ஏற்றப்பட்டிருக்கிறது: அலெக்ஸாந்திரியா, பாக்தாத், ஆம்பூர். இப்படித்தான், 1927-ஆம் வருஷம் தோல் மண்டி முதலாளி அதாவுல்லா ஹாஜியார் அச்சடித்து, மஸ்ஜித் தெருவிலிருந்து ரயிலடி வரைக்கும் ஒட்டவைத்த நோட்டீசில் கண்டிருந்தது. முதல் இரண்டு நகரங்களில் சுடரை எப்படி ஏற்றினார்களோ தெரியாது. மூன்றாவதில், வேலூர் லாங் பஜாரிலிருந்து வரவேண்டிய காஸ் விளக்கு வந்துசேரவில்லை. ஆகையால், "பெரியவர்களுக்கான இராப் பாடசாலை" என்று நோட்டீசில் போட்டிருந்தது சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்று தமுக்கடித்துத் திருத்தம் சொல்ல வேண்டியதாயிற்று.

நோட்டீசில் இன்னொரு சிறு சிக்கலும் இருந்தது. அது யாருக்காக அச்சடிக்கப்பட்டதோ, அவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

ஆனால் மண்டிக் குமாஸ்தா முனீர் அகமது இருந்தார். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சத்தம் போட்டு வாசிக்காமல் இருக்க அவரால் முடியாது. ரயிலடியில் "இங்கே துப்பாதே" என்று தொங்குகிற பலகையைக்கூட ஒரு ராகத்தோடு வாசித்துவிட்டுத்தான் துப்புவார். அவர் மண்டி வாசலில் நின்று அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஆரம்பித்தார். கை வேலையைப் போட்டுவிட்டு ஆட்கள் கூடினார்கள்.

கூட்டத்தின் பின்னால் சத்தார் பாய் நின்றார். நின்றார் என்பதைவிட, நிற்க முயன்றார் என்று சொல்லலாம். சுண்ணாம்பில் ஊறிய தோலை மரக்கட்டைமேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சுரண்டுவது அவர் தொழில். பதினெட்டு வருஷமாய்க் குனிந்தே சுரண்டியதில் முதுகு அந்த வளைவையே தன்னுடைய சொந்த ஊராக்கிக்கொண்டுவிட்டது. தொழுகையில் குனிவது அவருக்குச் சிரமமே இல்லை. குனிந்தபிறகு நிமிர்வதுதான். மற்றவர்கள் அடுத்த நிலைக்குப் போன பிறகும் அவர் அங்கேயே இருப்பார்.

"ஆறாம் பெஞ்சு வரை பயின்று, விஜயம் செய்யவிருக்கும் சர்க்கார் அதிகாரி முன்னிலையில் பத்திரிகை வாசித்துக் காட்டுபவருக்கு, புதிய பட்டைக் கிடங்கில் மேஸ்திரி உத்தியோகம் அளிக்கப்படும்," என்று முனீர் முடித்தார்.

சத்தார் பாயின் காது நிமிர்ந்தது. நிமிரக்கூடியது அது ஒன்றுதான்.

"மேஸ்திரின்னா குனிய வேண்டியதில்லையே?" என்று கேட்டார்.

"மேஸ்திரி எதுக்குக் குனியணும்? குனியறவனைப் பாத்துக் கத்தறதுதானே மேஸ்திரி வேலை," என்றார் முனீர்.

"அப்ப நான் படிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற சுண்ணாம்புத் தொட்டி கன்னியப்பன் சிரித்தான். "பாய், உனுக்கு வயசு நாப்பத்தி நாலு. இனிமே படிச்சு ஜட்ஜாவப் போறியா?"

"ஜட்ஜு குனிவாரா?"

"மாட்டாரு."

"அப்ப அதுவும் சரிதான்," என்றார் சத்தார் பாய்.

ஹாஜியாருக்குத் திடீரென்று கல்விமேல் அக்கறை பிறந்ததற்கு வாணியம்பாடி காரணம். அங்கே ஒரு தோல் வியாபாரி சந்தையில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி கட்டினார். அடுத்த வருஷமே சர்க்கார் அவருக்குக் கான் சாகிப் பட்டம் கொடுத்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினவனுக்கே பட்டம் என்றால், மனிதனுக்கு அறிவு காட்டினவனுக்கு என்ன கொடுக்க மாட்டார்கள் என்று ஹாஜியார் யோசித்தார். திருப்பத்தூரிலிருந்து ராமலிங்கம் வாத்தியாரை வரவழைத்தார். மண்டிக்குப் பின்னாலிருந்த கூரைக் கொட்டகையில் ஆறு பெஞ்சு போட்டார். ஒரு முனையில் கரும்பலகை, மறு முனையில் கதவு.

வாத்தியார் மெல்லிய குரல்காரர். வந்த முதல் நாள், எழுத்தே அறியாதவர்களைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்று சொன்னார். ஹாஜியார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாத்தியாரே, நீங்க எத்தினி தோலு பதம் பண்ணியிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்களே."

"நான் எத்தினி பண்ணியிருப்பேன்?"

"லட்சக்கணக்கிலே இருக்குங்க."

"அப்ப கேளுங்க. பச்சைத் தோலைத் தூக்கி எடுத்த எடுப்புலே கெட்டியான ஆவாரம்பட்டைத் தண்ணியிலே போட்டா இன்னா ஆவும்? மேல மட்டும் பிடிச்சுக்கிட்டு விறைச்சுப் போவும். உள்ளே ஒண்ணும் ஏறாது. அதனாலே முதல் தொட்டியிலே பழைய தண்ணி, லேசான தண்ணி. ரெண்டாவதுலே கொஞ்சம் கெட்டி. அப்படியே மாத்தி மாத்தி ஆறாவதுலேதான் புதுப் பட்டைத் தண்ணி. அதுக்கப்புறம் அந்தத் தோலு லண்டனுக்குப் போவும். மாட்டுத் தோலுக்கே இவ்வளோ பக்குவம் வேணுமின்னா மனுஷனுக்கு வாணாமா?"

"தோலு வேறே, படிப்பு வேறே இல்லீங்களா?"

"ரெண்டும் ஊறணும், வாத்தியாரே. நீங்கதான் இங்கே பட்டை. உங்களைவிட்டுத் தூரமா இருக்கிற பெஞ்சு லேசு. கிட்டே இருக்கிறது கெட்டி. முதல் பெஞ்சு கதவோரம். வாரம் ஒரு பெஞ்சு முன்னாலே நவுத்துங்க. ஆறாம் வாரம் ஆளு தயார்."

தம்மை யாரும் அதுவரை பட்டை என்று சொன்னதில்லையாதலால், பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் சேர்ந்தார்கள். ஆறு பேரும் கதவோரம் முதல் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஐந்து பெஞ்சுகள் காலியாக நீண்டு கிடந்தன. அதற்கும் அப்பால், கரும்பலகை ஓரத்தில், தூரத்து ஸ்டேஷன் கைகாட்டி மாதிரி வாத்தியார் நின்றார். அங்கிருந்து அவர் "அ" என்றார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

"இன்னா சொன்னாரு?" என்று கன்னியப்பன் கேட்டான். அவனும் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்திருந்தான்.

"அ-ன்னாரு போலக்கீது," என்றார் சத்தார் பாய்.

"எதுக்கு?"

"தெரியல. அப்படித்தான் ஆரம்பிப்பாங்களாம்."

சத்தார் பாய்க்குப் புத்தி மந்தம் என்று யாரும் சொல்ல முடியாது. தோலைக் கையில் தொட்டாலே அது எந்தப் பக்கத்து மாடு, வெயிலில் காய்ந்ததா உப்பில் கிடந்ததா என்று சொல்லிவிடுவார். முதல் வாரம் முடிவதற்குள் கரும்பலகையில் இருந்த உயிரெழுத்தெல்லாம் அவருக்கு முகம் தெரிந்துவிட்டது. "அ"வைக் கண்டால் ரயிலில் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி ஒரு சந்தோஷம். இன்னும் ஒரு வாரம் அவற்றோடு இருந்தால் தேவலை என்று தோன்றியது. அதற்குள் சனிக்கிழமை வந்து அவரை இரண்டாம் பெஞ்சுக்குத் தள்ளிவிட்டது.

இரண்டாம் பெஞ்சில் மெய்யெழுத்து. அவர் காலி செய்த பெஞ்சில் புதிதாய் ஆறு பேர் வந்து உட்கார்ந்து "அ" என்று கத்தினார்கள். வாத்தியார் ஒரு மூச்சில் அவர்களுக்கு "அ" சொல்லி, மறு மூச்சில் இவர்களுக்கு "க்" சொன்னார். எந்த மூச்சு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது மாணவர் பொறுப்பு. போதாக்குறைக்கு, சத்தார் பாய் சின்ன வயசில் அரபியில் ஓதக் கற்றவர். வரி என்றால் அவர் கண் தானாக வலது ஓரத்துக்குப் போய் நிற்கும். வாத்தியாரின் குச்சி இடமிருந்து கிளம்பும், பாயின் கண் வலமிருந்து கிளம்பும், இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்ளும்.

மூன்றாவது வாரம் மண்டிக்கு இரண்டு ரயில் வாகன் பச்சைத் தோல் வந்து இறங்கிவிட்டது. அழுகுவதற்குள் சுரண்டியாக வேண்டும். அந்த வாரம் முழுக்கச் சத்தார் பாய் பள்ளிக்கூடப் பக்கமே தலைவைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போய் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாய், நீங்க நாலாம் பெஞ்சு," என்றார் வாத்தியார்.

"மூணாம் பெஞ்சுலே நான் எப்போ உக்காந்தேன்?"

"போன வாரம்."

"போன வாரம் நான் வரவே இல்லியே!"

"ரிஜிஸ்தர்லே வந்திருக்கீங்க."

சத்தார் பாய் ரிஜிஸ்தரைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடிந்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பார். படிக்க முடியவில்லையாதலால் எழுந்து நாலாம் பெஞ்சுக்குப் போனார். அங்கே முழு முழுச் சொற்களாகப் போட்டிருந்தார்கள். அவருக்கு முகம் தெரிந்த எழுத்தெல்லாம் கொம்பும் காலும் கொக்கியும் மாட்டிக்கொண்டு, கலியாணத்துக்குக் கிளம்பின சனம் மாதிரி அடையாளம் தெரியாமல் நின்றன. முன்னால் போகப் போக அறிவு கூடும் என்று ஹாஜியார் சொன்னாரே, நமக்கு மட்டும் ஏன் கம்மியாகிறது என்று அவர் குழம்பினார். முதல் பெஞ்சில் பன்னிரண்டு எழுத்து தெரிந்திருந்தது. இப்போது அதில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

கன்னியப்பன் மட்டும் முதல் பெஞ்சைவிட்டு நகரவே இல்லை. வாராவாரம் ஆறு புது ஆள் வேண்டும். ஊரில் ஆள் அகப்படவில்லை. கதவோரம் காற்று நன்றாக வருகிறது, அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவன் சொன்னதும், வாத்தியார் சனிக்கிழமைதோறும் அவனைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். ரிஜிஸ்தர் பிரகாரம் ஆம்பூரில் கன்னியப்பன்கள் பெருகிக்கொண்டே வந்தார்கள்.

ஐந்தாம் வாரம் சத்தார் பாய் ஹாஜியாரிடமே போய் நின்றார்.

"முதலாளி, என்னை ஒரு ரெண்டு பெஞ்சு பின்னாலே போடச் சொல்லுங்க. எல்லாம் ஒண்ணுமேலே ஒண்ணா விழுது. ஒரே பேஜாரா கீது."

ஹாஜியார் அதிர்ச்சியடைந்தார். "அஞ்சாம் தொட்டித் தோலைத் திருப்பி மூணாம் தொட்டியிலே போட்டா இன்னா ஆவும்? நீயே சொல்லு."

சத்தார் பாய் தொழில் தெரிந்தவர். "கறை பிடிச்சுக்கும் முதலாளி. விலை போவாது."

"அப்ப? உன்னை நான் கறை பிடிக்க விடுவேனா? போ. ஊறிக்கிட்டே இரு. ஆறாவதுலே எல்லாம் சரியாய்டும்."

வாதம் அவர் தொழிலிலிருந்தே வந்துவிட்டதால் அவர் ஐந்தாம் பெஞ்சுக்கே திரும்பிப் போனார்.

அதிகாரி வருகிற தேதி ஆறாம் வாரத்தின் கடைசி நாள் என்று வேலூரிலிருந்து கடிதம் வந்தது. ராமலிங்கம் வாத்தியார் ஆறாம் பெஞ்சு ஐந்து பேரையும் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, ஆளுக்கு மூன்று வரி வீதம் பிரித்து, மனப்பாடம் செய்யச் சொன்னார். பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு மனசிலிருந்து சொன்னால் போதும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சத்தார் பாய்க்கு இது ஒரு வகையில் நிம்மதி. பத்திரிகையைக் கிட்டே கொண்டுவந்தால் எழுத்தெல்லாம் எறும்பாய் ஊர்ந்தது; தள்ளிப் பிடிக்கலாமென்றால் கை அவ்வளவு நீளமில்லை.

வீட்டில் அவர் மனைவி சகீனா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பாடம் கேட்டாள்.

"மேன்மை தங்கிய கவர்னர் துரையவர்கள் உதகமண்டலத்தில் சௌக்கியமாய் எழுந்தருளியிருக்கிறார்கள். குதிரைப் பந்தயம்... குதிரைப் பந்தயம்..."

"குறைவின்றி நடந்தேறியது," என்றாள் சகீனா.

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாளா இதையேதானே கத்தறீங்க. பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். மேலே சொல்லுங்க."

"மழை மாத்திரம் போதாது."

"அதை எதுக்கு அழுகிற மாதிரி சொல்றீங்க?"

"வாத்தியாரு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

சகீனா முறத்தைக் கீழே வைத்தாள். "கவர்னரு சௌக்கியமா இருந்துட்டுப் போறாரு. உங்க முதுகு இன்னும் எத்தினி மாசம் தாங்கும்? நேத்து கட்டிலைவிட்டு எழும்பறதுக்கு என் தோளைப் பிடிச்சீங்க. அதுக்கு முந்தின நாளு செவுத்தைப் பிடிச்சீங்க. மேஸ்திரி வேலை வந்தா சரி. வரலேன்னா?"

சத்தார் பாய் மறுபடியும் கவர்னர் துரையிடமிருந்தே ஆரம்பித்தார். மறுநாள் மரக்கட்டையில் சுரண்டும்போதும் அதையே சொன்னார். கத்தி மேலே போகும்போது உதகமண்டலம், கீழே வரும்போது குதிரைப் பந்தயம். கடைசியில் வாய் திறந்தாலே அது தானாக வர ஆரம்பித்தது. கன்னியப்பன் புகையிலை இருக்கிறதா என்று கேட்டதற்கு, "மேன்மை தங்கிய" என்று தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி வருகிற நாள் முதல் பெஞ்சில் கன்னியப்பனைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஹாஜியார் பதறிப்போய், மண்டியில் கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்தார். அப்படி அகப்பட்டவர்களில் குமாஸ்தா முனீரும் ஒருவர்.

"நீ இன்னிக்கு எழுத்து தெரியாதவன். தெரிஞ்சுதா? கோட்டைக் கழட்டு. வாயை மூடிக்கிட்டு உக்காரு," என்றார் ஹாஜியார்.

"எவ்வளோ நேரம் முதலாளி?"

"அவரு போற வரைக்கும்."

முனீர் கோட்டைக் கழற்றினார். சுவரில் தொங்கின வரவேற்புத் துணியைப் பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி சென்னைப் பக்கத்துக்காரர். மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். பன்னீர் தெளித்தார்கள், மாலை போட்டார்கள். ஹாஜியார் வரவேற்புப் பத்திரத்தைத் தாமே வாசித்தார். அலெக்ஸாந்திரியாவும் பாக்தாதும் மறுபடி வந்து போயின. மேஸ்திரி உத்தியோக வாக்குறுதியையும் எல்லோர் எதிரிலும் உரக்கச் சொல்லி, கைதட்டலுக்காக நிறுத்தினார். பிறகு பரீட்சை தொடங்கியது.

இந்த இடத்தில் ஒன்றை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அதிகாரி தம் வாழ்க்கையில் நானூறு பள்ளிக்கூடம் பார்த்தவர். அந்த நானூற்றிலும் எழுத்தறியாத ஆரம்பக்காரர்கள் கரும்பலகைக்கு எதிரிலும், தேறினவர்கள் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே அவர் பைக்குள்ளிருந்து ஒற்றை எழுத்து எழுதின அட்டை ஒன்றை எடுத்து, எதிரில் முதலாவதாக இருந்த சத்தார் பாயிடம் அன்போடு நீட்டினார்.

"பயப்படாதீர்கள். இது என்ன?"

அட்டையில் பெரிதாக "அ" இருந்தது.

சத்தார் பாய் அதைப் பார்த்தார். தெரிந்த முகம். ஐந்து வாரத்துக்கு முன்னால் கதவோரத்தில் பிரிந்தது. தள்ளிப் பிடித்திருந்ததால் எறும்பாய் ஊராமல் பளிச்சென்று நின்றது. சந்தோஷத்தில் வாயைத் திறந்தார்.

"மேன்மை தங்கிய கவர்னர் துரையவர்கள் உதகமண்டலத்தில் சௌக்கியமாய் எழுந்தருளியிருக்கிறார்கள். குதிரைப் பந்தயம் குறைவின்றி நடந்தேறியது. மழை மாத்திரம் போதாது."

அதிகாரி அட்டையைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இவ்வளவும் இதில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்குங்க சார்," என்றார் ஹாஜியார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "ஆறாம் பெஞ்சு. கெட்டி."

அதிகாரி அடுத்தவரிடம் "ஆ" அட்டையைக் காட்டினார். அவர் பம்பாயில் பருத்தி மந்தம் என்றார். "இ" அட்டையில் ஒரு நீதிபதி ரிடையரானார். அதிகாரி மூன்று அட்டையோடு நிறுத்திக்கொண்டு, தம் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். பிறகு தாம் கொண்டுவந்திருந்த அன்றைய பத்திரிகையை எடுத்துக்கொண்டு கதவோரத்துப் பெஞ்சை நோக்கி நடந்தார்.

ஹாஜியாருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பின்னாலேயே ஓடினார். "சார், அந்தப் பக்கம் பழைய தண்ணி சார்! கெட்டித் தண்ணி இந்தப் பக்கம்!"

"தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் இளநீர் குடித்தேன்," என்றார் அதிகாரி.

பத்திரிகை முதலில் கன்னியப்பன் கைக்கு வந்தது. அவன் அதை நன்றாகப் பார்த்து, விரலை வைத்து, "இதோ ஒரு அ. தோ, இங்கே ஒரு இ. அந்தாண்ட இன்னொரு அ," என்று வரிசையாகக் காட்டினான். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆறு தடவை முதல் பெஞ்சில் சேர்ந்தவன். அதிகாரி இதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, பத்திரிகையை அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். அடுத்த ஆள் முனீர்.

முனீர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கண்ணால் வேண்டாம் என்றார். முனீர் பத்திரிகையைப் பார்த்தார். ஒரு மணி நேரமாக வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர். கையில் புதுப் பத்திரிகை, எதிரில் சர்க்கார் அதிகாரி, சுற்றிலும் நாற்பது பேர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தலைப்பில் ஆரம்பித்தார். தலையங்கத்தை வாசித்தார். கூந்தல் தைல விளம்பரத்தை அதற்குரிய நெகிழ்ச்சியோடு வாசித்தார். அச்சகத்தின் விலாசத்தையும் வாசித்து முடித்துத்தான் மூச்சு விட்டார்.

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தே விட்டார்.

"ஆறே வாரம்! ஒன்றும் அறியாத தொழிலாளி!" என்று சொல்லி முனீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஹாஜியார் அவர்களே, தாங்கள் வாக்களித்த மேஸ்திரி உத்தியோகம் இவருக்கே உரியது."

இவன் பன்னிரண்டு வருஷமாய் என் குமாஸ்தா என்று நாற்பது பேர் நடுவில் ஹாஜியாரால் சொல்ல முடியவில்லை. கைதட்டினார். முனீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி தம் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டதில் அது அமுங்கிப்போயிற்று. அந்தப் பூரிப்பில் மூன்று அட்டையையும் மறந்து, கூடத்தில் எழுத்தறியாதவர் ஒருவரும் இல்லை என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி ரயிலேறினார்.

அன்று சத்தார் பாய் வீட்டுக்கு மெதுவாக நடந்தார். எங்கே தப்பு நடந்தது என்று யோசித்துப் பார்த்தார். அந்த எழுத்து அவருக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியும். தெரிந்த ஒன்றைக் கேட்டபோது தெரியாததையெல்லாம் சொன்னோமே என்பது அவருக்கு விளங்கவில்லை. சகீனா சூடு பண்ணின எண்ணெயை எடுத்து முதுகில் தேய்த்தாள்.

"மழை மாத்திரம் போதாதுன்னு சரியா சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னேன்."

"அழுகிற மாதிரி?"

"ஆமா."

மறுநாள் அவர் மரக்கட்டைக்கு முன்னால் குனிந்தார். முனீர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பட்டைக் கிடங்கில் ஆவாரம்பட்டைத் தூசிக்கு நடுவில் தும்மிக்கொண்டு நின்றார். கிடங்கில் வாசிப்பதற்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தது. நாலாம் நாள் ஹாஜியார் சத்தார் பாயைக் கூப்பிட்டனுப்பினார்.

"சத்தார், நாளையிலிருந்து நீதான் குமாஸ்தா."

"எனக்குப் படிக்கத் தெரியாதே முதலாளி!"

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? சர்க்கார் எழுதி வெச்சிட்டுப் போய்ட்டாங்க. இந்த மண்டியிலே எழுத்து தெரியாதவன் ஒருத்தன்கூட இல்லியாம். இப்போ நான் திருப்பத்தூர்லே இருந்து ஒரு குமாஸ்தாவை வரவழைச்சா வாணியம்பாடிக்காரன் இன்னா கேப்பான்? முப்பத்தாறு பேரைப் படிக்க வெச்சியே, ஒருத்தனும் தேறலியான்னு கேக்க மாட்டான்? ஆறாம் பெஞ்சுலே நீதான் முதல் ஆளு. காயிதமே இல்லாம வாசிச்சவன் வேறே."

"அது மனப்பாடம் முதலாளி."

"அதை வெளியே சொல்லாதே."

அதிகாரி பெரியவரா, தான் பெரியவனா என்று சத்தார் பாய் யோசித்தார். ஒருவேளை தனக்கே தெரியாமல் தனக்குப் படிப்பு வந்திருக்குமோ என்றுகூட ஒரு சந்தேகம் எழுந்தது. மேசைமேல் கிடந்த ஒரு கடிதத்தைத் தள்ளி நின்று பார்த்தார். வரவில்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு முதுகு சாய ஒரு பலகை இருந்தது. அவர் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். பதினெட்டு வருஷமாய்ப் பார்க்காத கூரையின் உள்பக்கத்தைப் பார்த்தார்.

வேலை எப்படி நடந்தது என்றால், மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் முனீர் பட்டைக் கிடங்கிலிருந்து பின்வழியாக வந்து, கடிதங்களையெல்லாம் ஆசைதீர வாசித்து, பதிலும் எழுதி வைப்பார். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் சத்தார் பாய் கிடங்கில் நின்று, குனிந்து வேலை செய்கிறவர்களைப் பார்த்துக் கத்துவார். சத்தம் சுமார்தான். நாள்பட்டால் பழகிவிடும் என்று கன்னியப்பன் சொன்னான்.

ஹாஜியார் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டார். மரக்கட்டையில் தோல் சுரண்டிக்கொண்டிருந்த ஒருவர் ஆறே வாரத்தில் எழுத்தறிவு பெற்றுக் குமாஸ்தா உத்தியோகம் ஏற்றிருக்கிறார் என்று விவரமாக எழுதி, அத்தாட்சியாக நியமனப் பத்திரத்தையும் சேர்த்து, ரிஜிஸ்தர் தபாலில் சென்னைக்கு அனுப்பினார்.

பத்திரத்தின் அடியில், குமாஸ்தா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், சத்தார் பாயின் இடது பெருவிரல் மை இருந்தது. சுண்ணாம்பு அரித்த விரலாதலால் ரேகை எதுவும் விழவில்லை.